ஷில்டன் பிழைக்கவைத்த இன்ஜின்

1825 செப்டம்பரில், வடகிழக்கு இங்கிலாந்தின் மண் சாலைகளில் குதிரைகள் ஒரு நீராவி இன்ஜினை இழுத்துக்கொண்டு தெற்கே போயின. நியூகாசில் நகரத்தின் ஃபோர்த் தெருப் பட்டறையில் செய்த இன்ஜின் அது. எடை ஏறத்தாழ ஆறரை டன். அது ஓட வேண்டிய தண்டவாளம் நியூகாசில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதால் சாலையை விட்டால் வேறு வழி இல்லை. ஆய்க்ளிஃப் லேன் என்ற இடத்தில் புதிய இருப்புப்பாதை சாலைக்குப் பக்கமாக வந்தது. அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜினை இறக்கித் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள்.

தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, தீ மூட்ட நெருப்பு இல்லை. கூலியாள் ஒருவர் புகைக்குழாய் பற்றவைக்க வைத்திருந்த உருப்பெருக்குக் கண்ணாடியை வெயிலில் பிடித்து, நார்த் துணுக்கில் பொறி விழச் செய்து அடுப்பை மூட்டினார் என்று அந்த வட்டாரத்தில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதை பிடிக்கும். உலகின் முதல் பொது நீராவி ரயில் பாதையின் முதல் இன்ஜினுக்கு முதல் நெருப்பை வைத்தது பொறியாளரோ முதலாளியோ அல்ல, மண் வெட்ட வந்த ஒருவர் என்கிறது அது.

இன்று ஆய்க்ளிஃப் லேனுக்கு ஹெய்ங்டன் நிலையம் என்று பெயர். டார்லிங்டனிலிருந்து பிஷப் ஆக்லண்ட் போகும் சிறிய டீசல் ரயில் அங்கே ஒரு நிமிடம் நின்று போகும். நடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கல் கட்டிடம் 1820களில் ரயில் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டிடங்களில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஹிட்டாச்சி கம்பெனியின் பெரிய தொழிற்சாலை, 2015-இல் திறந்தது. லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைத் தடத்தின் புதிய ரயில்கள் அங்கேதான் பூட்டப்பட்டன. குதிரை வண்டியிலிருந்து இன்ஜின் இறங்கிய இடத்தில் இருநூறு வருடம் கழித்தும் ரயில் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த நிலையத்தைக் கடப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்த நிலையம் ஷில்டன். நான் பார்க்கப் போன பொருள் அங்கே இருந்தது: லோகோமோஷன் எண் 1.

இந்த இன்ஜினைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்த நாளின் பெருமை பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்கும் டார்லிங்டன் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகு இந்த இன்ஜின் பல வருடம் கரி இழுத்தது, உடைந்தது, வெடித்தது, மறுபடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதை எழுப்பியவர்கள் ஷில்டன் பட்டறையின் ஃபிட்டர்களும் கொல்லர்களும். அவர்கள் இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்த இன்ஜின் எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். டர்ஹம் மாவட்டத்தின் தென்மேற்கில் நிலக்கரி பூமிக்கடியில் நிறைய இருந்தது. அதை டீஸ் ஆற்றங்கரைத் துறைமுகமான ஸ்டாக்டனுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. பொதிக்குதிரை முதுகிலும் வண்டியிலும் போய்ச் சேருவதற்குள் கரியின் விலை ஏறிவிடும். டார்லிங்டனின் கம்பளி வியாபாரி எட்வர்ட் பீஸ் இதற்கு இருப்புப்பாதைதான் விடை என்று நம்பினார். அவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பணம் போட்டவர்களிலும் குவேக்கர்கள் நிறையப் பேர். 1821-இல் பாராளுமன்றம் பாதைக்கு அனுமதி தந்தது. அந்தச் சட்டம் நிறைவேறிய நாட்களிலேயே ஸ்டீபன்சன் பீஸைச் சந்தித்தார். குதிரையை நம்ப வேண்டாம், நீராவியை நம்புங்கள் என்று அவர் மனத்தை மாற்றினார். 1823-இல் வந்த இரண்டாவது சட்டம், இன்ஜின்களுக்கும் பயணிகளுக்கும் சேர்த்து அனுமதி தந்தது. அதே வருடம் ஃபோர்த் தெருவில் ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனி தொடங்கியது. பீஸின் பணமும் அதில் இருந்தது.

ஜார்ஜின் மகன் ராபர்ட்டின் பெயரில் பட்டறை இருந்தாலும், இந்த இன்ஜின் உருவானபோது அவர் அங்கே இல்லை. 1824-இல் தென் அமெரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனவர் 1827-இல்தான் திரும்பினார். அந்த இடைவெளியில் பட்டறையில் கொஞ்ச காலம் கைகொடுத்தவர்களில் ஒருவர் திமோத்தி ஹேக்வொர்த். வைலம் என்ற ஊரில் கொல்லராக வேலை பார்த்தவர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்வார். இந்தப் பெயர் இனி அடிக்கடி வரும்.

இரண்டு இன்ஜின்களுக்கு 1824 செப்டம்பரில் ஆர்டர் கொடுத்தார்கள், ஒன்று 500 பவுண்டு. முதல் இன்ஜினுக்கு ‘ஆக்டிவ்’ என்றுதான் முதலில் பெயர். லோகோமோஷன் என்ற பெயர் பிறகு வந்து நிலைத்தது.

பக்கத்தில் நின்று பார்த்தால் இன்ஜின் அமைப்பு புரிய நேரம் பிடிக்கும். படுக்கைவாட்டில் ஒரு கொதிகலன். அதன் உள்ளே ஒரே ஒரு புகைக்குழல். ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் உயரமான புகைபோக்கி. உருளைகள் இரண்டும் கொதிகலனின் உச்சியில் செங்குத்தாகப் புதைந்திருக்கின்றன. அவற்றின் பிஸ்டன் தண்டுகள் மேலே உள்ள குறுக்குச் சட்டங்களை ஏற்றி இறக்க, அந்தச் சட்டங்களிலிருந்து இருபுறமும் நீண்ட கம்பிகள் இறங்கிச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. ஓடும்போது தலைக்கு மேல் இத்தனை இரும்பும் வெட்டுக்கிளியின் கால்கள்போல் மடங்கி நீளும். டிரைவர் நிற்பதற்குக் கொதிகலனின் பக்கவாட்டில் ஒரு பலகை மட்டும்தான். மழைக்கும் காற்றுக்கும் தடுப்பு கிடையாது; கைக்கெட்டும் தூரத்தில் அசையும் தண்டுகள். முன்பு ஸ்டீபன்சன் செய்த இன்ஜின்களில் சக்கரங்களைச் சங்கிலியால் இணைத்திருந்தார். இதில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒரு இரும்புத் தண்டு இணைத்தது. சங்கிலி தளரும், தண்டு தளராது. அடுத்த நூற்றைம்பது வருடங்களுக்கு உலகமெங்கும் ஓடிய நீராவி இன்ஜின்களின் பக்கவாட்டில் நாம் பார்த்த அந்தத் தண்டு, பொதுப்பாதை ஒன்றில் வேலையைத் தொடங்கியது இந்த இன்ஜினில்தான்.

அந்தப் புகழ்பெற்ற நாள் 1825 செப்டம்பர் 27. அன்றைய ரயில் சுரங்கத்திலிருந்தே இன்ஜினோடு புறப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கரி வேகன்களை எதர்லி மேட்டில் ஏற்றியது, மேட்டு உச்சியில் நிலையாக நிறுத்தியிருந்த நீராவி எந்திரமும் கயிறும். காண்லஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்தது குதிரைகளின் பலத்தில். அடுத்த மேடான பிரசல்டனில் மறுபடி கயிறு. அந்தச் சரிவின் அடியில், ஷில்டனில், மேசன்ஸ் ஆர்ம்ஸ் மதுக்கடைக்கு அருகே லோகோமோஷன் நீராவி ஏற்றிக் காத்திருந்தது. இன்ஜினும் வண்டித் தொடரும் அங்கேதான் சேர்ந்தன. ஆக, நீராவி இன்ஜின் இழுத்த பயணம் ஷில்டனில் தொடங்கியது. இந்தச் சின்ன ஊருக்கு அதைச் சொல்லிக்கொள்ள முழு உரிமை உண்டு.

கரியும் மாவும் ஏற்றிய வேகன்கள், கம்பெனி இயக்குநர்களுக்காக ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்ற ஒரே ஒரு பயணிப் பெட்டி, மற்றவர்களுக்குப் பலகை போட்ட கரி வேகன்கள். இடம் கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் கரிக் குவியல்மேலேயே ஏறிக்கொண்டார்கள். ஐந்நூறு அறுநூறு பேர் தொற்றியிருந்ததாகக் கணக்கு. ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். இன்ஜினுக்கு முன்னால் கொடி பிடித்த ஒருவர் குதிரையில் போனார். வழியில் ஒரு வேகன் சக்கரம் தகராறு செய்து நின்றது. பிறகு தண்ணீர் செலுத்தும் பம்பில் நார் அடைத்து இன்ஜினே நின்றது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பின் வேகம் எடுத்து, சில இடங்களில் மணிக்கு 12 மைலுக்கும் மேலே போனது. டார்லிங்டனில் ஆறு கரி வேகன்களைக் கழற்றி அந்தக் கரியை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். பாண்டு வாத்தியக் குழு ஏறிக்கொண்டது. ஸ்டாக்டனில் பீரங்கி முழக்கம், இரவு நகர மண்டபத்தில் விருந்து.

எட்வர்ட் பீஸ் அதில் எதையும் பார்க்கவில்லை. முந்தின இரவு அவர் மகன் ஐசக் இறந்துபோனார். ஊரெல்லாம் தண்டவாளத்தின் ஓரம் நின்றபோது, அந்தத் தண்டவாளத்தைக் கொண்டுவந்தவர் மகனின் உடலோடு வீட்டில் இருந்தார்.

இனிமேல் வருவதுதான் இந்த இன்ஜினின் உண்மையான வாழ்க்கை.

அந்தக் காலத்து ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையை இன்றைய ரயில் பாதையோடு ஒப்பிட முடியாது. சுங்கம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் குதிரையையும் வேகனையும் கொண்டுவந்து ஓட்டலாம். பயணிகள் பெட்டியும் குதிரை இழுப்பதுதான். பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரே வருபவர்கள் ஒதுங்க ஆங்காங்கே இடம். யார் ஒதுங்குவது என்று சண்டை, கைகலப்பு. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் லோகோமோஷனும் அதன் உடன்பிறப்புகளான ஹோப், பிளாக் டயமண்ட், டிலிஜன்ஸ் ஆகியவையும் கரி இழுத்தன. லோகோமோஷனின் வழக்கமான டிரைவர் ஜார்ஜின் அண்ணன் ஜேம்ஸ் ஸ்டீபன்சன். சரிவில் இறங்கும்போது வேகன்கள் தாமாகவே உருளும், குதிரைக்கு வேலை இல்லை. ஆகவே 1828-இல் தொடரின் வாலில் ஒரு தாழ்ந்த வண்டியைக் கட்டி, குதிரையை அதில் ஏற்றிச் சவாரி போகவைத்தார்கள். குதிரைகள் அதற்குச் சீக்கிரமே பழகின. களைப்பு தீர்ந்ததால் ஒரே நாளில் கூடுதல் தூரம் இழுத்தன.

இன்ஜின்கள்தான் தொல்லை கொடுத்தன. ஒற்றைப் புகைக்குழலில் சூடு போதவில்லை. ஏற்றத்தில் நீராவி தீர்ந்து நின்றுவிடும். அழுத்தம் ஏறும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சக்கரங்கள் திடீரென்று பிளந்தன. இன்ஜின்களை விட்டுவிட்டுக் குதிரையோடு நின்றுவிடலாமா என்று 1827 வாக்கில் இயக்குநர்களிடையே பேச்சு வந்தது.

இந்தத் தொல்லையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் ஷில்டன். 1825-இல் அது ஊரென்று சொல்லும்படி இருக்கவில்லை. மேட்டின்மேல் ஒரு பழைய சிற்றூர், கீழே சதுப்பான ஈரநிலம். அந்த ஈரநிலத்தில் ரயில் கம்பெனி பட்டறை போட்டது. அதைச் சுற்றித்தான் புது ஷில்டன் வளர்ந்தது. பட்டறைக்குப் பொறுப்பாக 1825-இல் வந்தவர் ஹேக்வொர்த். அவர் கையில் இருந்தவை சில கொல்லு உலைகளும் சில ஆட்களும். நீராவி இன்ஜின் உடைந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர உலகத்தில் யாரும் இல்லை. உடைவதைப் பார்த்துப் பார்த்து அவர்களேதான் கற்றுக்கொண்டார்கள்.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய வார்ப்பிரும்புச் சக்கரத்தை ஒரே துண்டாக வார்த்தால் ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடும்; அதிர்ச்சியில் பிளக்கும். ஷில்டனின் சிறிய கடைசல் எந்திரத்தில் அவ்வளவு பெரிய சக்கரத்தை ஏற்றிச் சீவவும் முடியாது. ஹேக்வொர்த் சக்கரத்தை இரண்டு துண்டாக வார்த்தார்: நடுவில் ஒரு தட்டு, வெளியே ஒரு வளையம். இரண்டையும் மரக்கட்டைகளும் இரும்பு ஆப்புகளும் வைத்து இறுக்கிப் பொருத்தினார். உடைந்தால் வெளி வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கண்ணுக்கு அழகான வேலை அல்ல. ஆனால் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இன்று லோகோமோஷனின் கீழே குனிந்து பார்த்தால் தெரிவது ஸ்டீபன்சனின் சக்கரங்கள் அல்ல. வட்ட வட்டத் துளைகளோடு கனமாக நிற்கும் ஹேக்வொர்த்தின் சக்கரங்கள். நான் அங்கே அதிக நேரம் நின்றது அவற்றின் முன்னால்தான்.

1827-இன் இறுதியில் ஹேக்வொர்த் ஷில்டனிலேயே ஒரு புதிய இன்ஜினைச் செய்து முடித்தார்: ‘ராயல் ஜார்ஜ்’. ஆறு சக்கரம். சூடான புகை கொதிகலனுக்குள் ஒருமுறை போய் அதே பக்கம் திரும்பி வரும்படி வளைந்த குழல். அதனால் அதிக நீராவி. குதிரையைவிட மலிவாகக் கரி இழுக்க நீராவியால் முடியும் என்று கம்பெனி நம்பிக்கை பெற்றது இந்த இன்ஜினுக்குப் பிறகுதான். ஷில்டன் பட்டறை அப்போது கைவிரித்திருந்தால் அந்தப் பாதையில் நீராவியின் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் நடந்தது கொடுமை. 1828 ஜூலை 1 அன்று லோகோமோஷன் ஆய்க்ளிஃப் லேனில் நின்றுகொண்டிருந்தது. முதன்முதலாகத் தண்டவாளம் ஏறிய அதே இடம். கொதிகலன் வெடித்தது. டிரைவர் ஜான் கிரீ இறந்தார். அன்றைய டிரைவர்களுக்குக் கொதிகலனுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று நம்பிப் பார்க்க ஒரு மானிகூட இல்லை. பாதுகாப்பு வால்வு ஒன்றுதான் துணை. நீராவியை வீணாக்கக் கூடாது என்று நிற்கும் நேரத்தில் அந்த வால்வை அழுத்திக் கட்டிவைக்கும் பழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. இன்ஜினின் வரலாற்றைச் சொல்லும்போது ஜான் கிரீயின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிதைந்த இன்ஜின் ஷில்டனுக்கு வந்தது. பழைய இரும்பாகக் காய்ச்சி ஊற்றியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் வகை அதற்குள்ளேயே பழையதாகிவிட்டது. ஆனால் கம்பெனிக்குக் கரி இழுக்க ஒவ்வொரு இன்ஜினும் தேவைப்பட்டது. ஹேக்வொர்த்தின் ஆட்கள் அதற்கு வேறு கொதிகலன் பூட்டி மறுபடி பாதைக்கு அனுப்பினார்கள். அதோடு நிற்கவில்லை, வருடக்கணக்காக உறுப்பு உறுப்பாக மாற்றினார்கள். அப்படியானால் இன்று நிற்பது 1825-இன் இன்ஜின்தானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. மாற்றாமல் அப்படியே வைத்திருந்தால் அது மூன்று வருடம் ஓடிய இன்ஜின். மாற்றியதால் அது இருபது வருடத்துக்குக் குறையாமல் ஊழியம் செய்த இன்ஜின்.

அந்த ஊழியம் ஊர்களை மாற்றியது. கம்பெனியின் முதல் சட்டம் இயற்றப்பட்டபோது, கப்பலேறும் கரிக்கு டன்னுக்கு மைலுக்கு அரைப் பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கவைத்தவர் ஜான் லாம்ப்டன் என்ற சுரங்க அதிபர். டைன், வேர் ஆற்றங்கரைகளில் அவரைப் போன்றவர்களின் கரி வியாபாரத்துக்குப் போட்டி வராமல் தடுப்பதே நோக்கம். அந்த விலைக்கு யாராலும் கட்டுப்படியாகாது என்று நினைத்தார்கள். கட்டுப்படியானது. போய்க்கொண்டே இருந்தது கரி. 1830-இல் பாதையை டீஸ் ஆற்றின் கீழ்ப்பகுதிவரை நீட்டினார்கள். சில வீடுகளே இருந்த அந்தச் சேற்று நிலம்தான் மிடில்ஸ்பரோ நகரமானது.

1830-களில் வேகமான, பல குழல்கள் கொண்ட கொதிகலன் இன்ஜின்கள் வந்துவிட்டன. 1833-இல் பயணிகள் ஓட்டத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு குதிரைகளை ஓரங்கட்டியது. லோகோமோஷனும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. 1840-களோடு இழுவை வேலை முடிந்தது. ஆனால் வேலை முடியவில்லை. க்ரூக் என்ற ஊருக்குப் பக்கத்தில் பீஸ் குடும்பத்துக்குச் சொந்தமான பீசஸ் வெஸ்ட் சுரங்கத்தில் அதை நிலையாக நிறுத்தித் தண்ணீர் இறைக்கவைத்தார்கள். சக்கரம் சுழலவில்லை, பிஸ்டன் மட்டும் ஏறி இறங்கியது. சரித்திரம் படைத்த பொருளுக்கு இது அவமானம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுரங்கத்தில் நீர் இறைக்க ஏதோ ஒரு எந்திரம் வேண்டியிருந்தது, இதனால் முடிந்தது. பயன்பட்டதால்தான் காயலான் கடைக்குப் போகாமல் தப்பியது.

இதே கதை இன்னொரு இன்ஜினுக்கும் நேர்ந்தது. ஹேக்வொர்த் 1829-இல் ரெயின்ஹில் இன்ஜின் போட்டிக்காக ஷில்டனில் செய்த ‘சான் பரெய்ல்’ ஓட்டத்தின் நடுவில் உருளை வெடித்து நின்றது. பரிசு ஸ்டீபன்சன் கம்பெனியின் ‘ராக்கெட்’ இன்ஜினுக்குப் போனது. தோற்ற இன்ஜினை லிவர்பூல்–மான்செஸ்டர் கம்பெனி வாங்கியது. பிறகு போல்டன்–லீ பாதையில் 1844 வரை ஓடியது. அதன்பின் கொப்பல் சுரங்கத்தில் 1863 வரை தண்ணீர் இறைத்தது. அங்கிருந்து மீட்டு லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அதுவும் ஷில்டனில் இருக்கிறது.

லோகோமோஷனை மீட்ட வருடம் 1857. சுரங்கத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்து, டார்லிங்டன் நார்த் ரோடு நிலையத்துக்கு வெளியே மேடை கட்டி நிறுத்தினார்கள். பழைய இன்ஜினைப் பொதுமக்கள் பார்க்க நினைவுச்சின்னமாக நிறுத்திவைப்பது அன்று புதிது. எட்வர்ட் பீஸ் அப்போது உயிரோடு இருந்தார். தொண்ணூறு வயது. அடுத்த வருடம் ஜூலையில் காலமானார். ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ஹேக்வொர்த்தும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

1892-இல் டார்லிங்டனின் பெரிய நிலையமான பேங்க் டாப்புக்கு இன்ஜின் இடம் மாறியது. அடுத்த 83 வருடம் அங்கேயே. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் ரயில்கள் நின்று புறப்படும் நிலையம் அது. எத்தனை தலைமுறைப் பயணிகள், அடுத்த ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் இதைச் சுற்றிவந்திருப்பார்கள்! டார்லிங்டன்காரர்களுக்கு இந்த இன்ஜின்மேல் இருக்கும் பாசத்துக்கு அந்த நீண்ட வாசம்தான் வேர். அதை நான் மதிக்கிறேன்.

நடுவில் ஒரு நாள் மட்டும் அது பழைய தடத்தில் இறங்கியது. 1925 ஜூலை 2, நூற்றாண்டு ஊர்வலம். ஐம்பதுக்கும் மேற்பட்ட இன்ஜின்கள் வரிசையாகப் போக, லோகோமோஷன் தலைமை. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகனும் மனைவியும் பார்வையாளர்களில் இருந்தார்கள். கொதிகலனில் நீராவி ஏற்றும் துணிவு யாருக்கும் இல்லை. கரித்தொட்டிக்குள் பெட்ரோல் மோட்டார் ஒன்றை மறைத்துவைத்துத் தள்ளினார்கள். புகைபோக்கியில் எண்ணெய்த் துணியை எரித்துப் புகை வரவைத்தார்கள். அந்த விழாவுக்காகத் திரட்டிய பழம்பொருள்களின் தொடர்ச்சியாகத்தான் 1928-இல் யார்க் நகரத்தில் ரயில் அருங்காட்சியகம் பிறந்தது.

1975-இல் நூற்றைம்பதாவது ஆண்டுக்காக இன்ஜினின் ஓடும் நகல் ஒன்றைச் செய்தார்கள். அசல், பேங்க் டாப்பிலிருந்து நார்த் ரோடு நிலையத்தில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனது. 1857-இல் மேடை ஏறிய நிலையத்துக்கே திரும்பியது என்றும் சொல்லலாம்.

ஷில்டனுக்கு அந்தக் காலகட்டம் வேறு மாதிரி. இன்ஜின் வேலை 1860-களில் டார்லிங்டனுக்குப் போய்விட்டது. ஷில்டன் பட்டறை வேகன் செய்யும் பட்டறையாக வளர்ந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய வேகன் பட்டறைகளில் ஒன்று. ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பட்டறை ஆள் இருப்பார். ஊரின் கால்பந்து அணிக்கு இன்றும் ‘ரயில்காரர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். 1984-இல் பட்டறையை மூடினார்கள். ஏறத்தாழ 2,600 பேருக்கு வேலை போயிற்று. பத்தாயிரம் பேர் சொச்சம் வாழும் ஊருக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த மூடல் தாங்க முடியாத நியாயமின்மையாகவே படுகிறது. உலகத்துக்கு ரயில் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்த ஊருக்கு, நூற்றறுபது வருடம் கழித்துக் கிடைத்த பதில் அது.

இருபது வருடம் கழித்து, 2004-இல், பழைய பட்டறைப் பகுதியை ஒட்டி யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் கிளை திறந்தது. பெயரே ‘லோகோமோஷன்’. நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிய கூடத்துக்கு வெளியே பழைய தடத்தை ஒட்டி நடந்தால் ஹேக்வொர்த் வாழ்ந்த வீடும், இன்ஜின் தொட்டிகளில் கரி கொட்டிய கல் மேடையும் வரும். 1830-களில் அவர் தன் சொந்தப் பட்டறையை நடத்தியதும் அங்கேதான். 1836-இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ரயில் பாதைக்கு ஷில்டனிலிருந்து ஒரு இன்ஜின் போயிற்று. பனியில் அதன் உருளை வெடித்துவிட, கூடப் போயிருந்த பட்டறை ஆள் மாஸ்கோவரை போய்ப் புதிதாக ஒன்றை வார்த்துக்கொண்டுவந்து பொருத்தினார் என்று சொல்வார்கள். ஷில்டன் ஆட்கள் எங்கே போனாலும் ஷில்டன் ஆட்கள்தான்!

ஆனால் அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த இன்ஜின் அப்போது அங்கே இல்லை. அது 1975-இலிருந்து தேசிய அருங்காட்சியகம் டார்லிங்டனுக்குக் கடனாகக் கொடுத்த பொருள். அதைத் திரும்பப் பெற்று ஷில்டனில் வைக்கப்போவதாக அறிவித்தபோது டார்லிங்டனில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நகர மன்றம் போராடியது, கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் பேசி முடித்தார்கள்: இன்ஜின் ஷில்டனுக்குப் போகும், அவ்வப்போது டார்லிங்டனுக்குக் கடனாக வந்து போகும். 2021-இல் லாரியில் ஏறி ஷில்டன் வந்து சேர்ந்தது. டார்லிங்டனும் வெறுங்கையோடு உட்காரவில்லை; நார்த் ரோடு வளாகத்தைச் செப்பனிட்டு 2024-இல் ‘ஹோப்டவுன்’ என்று புதிதாகத் திறந்தது. 2025 செப்டம்பரில், இருநூறாம் ஆண்டுக்கு, 1975-இன் நகல் இன்ஜின் பழைய தடத்தின் பகுதிகளில் ஓடியது.

இரண்டு ஊருக்கும் நடந்த வழக்கில் நான் ஷில்டன் பக்கம். பாதையைக் கனவு கண்டது டார்லிங்டன், பணம் போட்டது டார்லிங்டன், நூற்றறுபத்துநான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்ததும் டார்லிங்டன். எல்லாம் சரி. ஆனால் அது உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு உடைவுக்கும் வந்து படுத்த இடம் ஷில்டன். இருந்தாலும் பகிர்ந்துகொள்வது நல்ல தீர்வுதான். ஒன்பது மைல் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு இன்ஜின் போய்வருவதில் யாருக்கும் இழப்பு இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன். டார்லிங்டனில் நிற்கும் காலங்களிலும், அதற்கு முன்னால் வைக்கும் பலகையில் அந்தச் சக்கரங்களை வார்த்தது ஷில்டன் என்று எழுதட்டும், ஜான் கிரீயின் பெயரோடு.